18 கட்டுரைகள் கிடைக்கவில்லை: நூலகரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வில் முதலாண்டு மாணவி. இரவுப் பணி பார்க்கும் செவிலியரின் உறக்கம் பற்றி ஆய்வு செய்கிறேன். நெறியாளர் கொடுத்ததும் நானே தேடிச் சேர்த்ததுமாக 41 குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் 23 கிடைத்துவிட்டன. மீதி 18-இல் ஒன்பது, திறந்தால் பணம் கட்டச் சொல்கின்றன. நான்கு கட்டுரைகளின் தலைப்பை நூலகக் கேட்லாக்கில் போட்டால் 'முடிவுகள் இல்லை' என்று வருகிறது. ஒன்று 1970களில் நடந்த மாநாட்டின் கட்டுரை. ஒன்று வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேடு. மூன்றை ஒரு ஏஐ செயலி பரிந்துரைத்தது; அவை எங்குமே அகப்படவில்லை. நூலகக் கவுன்ட்டரில் பட்டியலைக் காட்டினேன். "இங்கே இல்லை" என்றார்கள். எல்லாமே இலவசமாக இறங்கும் என்று சீனியர் ஒருவர் ஒரு தளத்தைச் சொல்கிறார். எங்கள் நூலகம் சிறியது. பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்க வேண்டுமோ என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஆய்வு மாணவிக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்கு உதவும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பதைப் போன்ற பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் என் முன்னால் வரும். பெரிய நூலகங்களிலிருந்தும் வரும். பெரிய இடத்தில் சேர்ந்திருந்தால் உங்கள் 18, ஒருவேளை 11 ஆகியிருக்கும். பூஜ்யம் ஆகியிருக்காது. உலகில் வெளியாகும் எல்லா ஜர்னலுக்கும் சந்தா கட்டும் நூலகம் எங்குமே கிடையாது.

முதலில் அந்தக் கவுன்ட்டர் விஷயம். நீங்கள் பட்டியலைக் காட்டியது புத்தகம் கொடுத்து வாங்கும் இடத்தில் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவரின் வேலை, அலமாரியில் இருப்பதைக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும். "இது இங்கே இருக்கிறதா?" என்று கேட்டீர்கள், "இல்லை" என்றார். அவர் சொன்னது சரிதான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இது எனக்கு வேண்டும், எங்கிருந்து எப்படி வரவழைக்கலாம்?" இந்தக் கேள்விக்கென்றே ஓர் ஆள் உங்கள் நூலகத்தில் இருப்பார். ரெஃபரன்ஸ் நூலகர் என்பார்கள், சில இடங்களில் துறை நூலகர், ஆய்வுச் சேவை நூலகர் என்று பெயர்ப்பலகை இருக்கும். சிறிய நூலகமென்றால் தலைமை நூலகரே அந்த வேலையையும் பார்ப்பார். நூலகத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் பார்த்து, நேரம் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாசகரின் நேரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது 1931-இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அதனால் தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காதீர்கள். மாதக்கணக்கில் தனியாகத் தேடிக் களைத்தபின் வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு வருத்தம்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

கேட்லாக்கில் 'முடிவுகள் இல்லை' என்று வந்த நான்கையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் சுலபம். நூலகக் கேட்லாக் என்பது பெரும்பாலும் புத்தகங்களுக்கும் ஜர்னல்களுக்குமான பட்டியல். ஜர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையும் அதில் ஏறியிருக்காது. கட்டுரைகளையும் சேர்த்துத் தேடும் பெட்டியை இப்போது பல நூலகங்கள் வைத்திருக்கின்றன, ஆனால் அதுவும் எல்லாவற்றையும் காட்டாது. அதனால் கட்டுரைத் தலைப்பைப் போடாமல் ஜர்னலின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஜர்னல் கிடைத்தால், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை இருக்கிறது என்ற வரியை நிதானமாகப் படியுங்கள். பலர் தடுக்கி விழுவது இந்த வரியில்தான். 'கடைசி 12 மாதங்கள் நீங்கலாக' என்று இருந்தால் புதிய இதழ்கள் உங்களுக்குத் திறக்காது. ஜேஸ்டோர் போன்ற களஞ்சியங்களில் பல ஜர்னல்களுக்குச் சமீபத்திய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பூட்டியே இருக்கும், ஆண்டு நகர நகரப் பூட்டும் நகரும். சில ஜர்னல்களின் பழைய தொகுதிகள் மின்வடிவில் இல்லாமல் அச்சில் மட்டும், கீழ்த்தளத்தில் பைண்டு செய்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகுதிகளைத் தேடி மாணவர்கள் படியிறங்கி வந்து பல காலம் ஆகிறது.

ஜர்னலின் பெயர் சுருக்கி எழுதப்பட்டிருந்தால் முழுப் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவத் துறையில் சுருக்கப் பெயர்கள் ஏராளம், ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு சுருக்கங்கள் வெவ்வேறு ஜர்னல்களாக இருக்கும். குழப்பமாக இருந்தால் ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனித்தனியாக உள்ள எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துத் தேடினால் ஆள் மாறாது.

அடுத்து, பணம் கேட்கும் ஒன்பது. இவற்றை வீட்டிலிருந்து திறந்தீர்களா, வளாகத்திலிருந்தா? கடிதத்தில் அது இல்லை. ஆனால் விஷயமே அதில்தான் இருக்கிறது. பதிப்பாளரின் தளத்துக்கு உங்களைத் தெரியாது, உங்கள் பல்கலைக்கழக இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைத்தான் தெரியும். வளாகத்துக்குள் இருந்து திறந்தால் சந்தாதாரர் என்று கதவைத் திறக்கும். வீட்டு இணைப்பிலிருந்து திறந்தால் நீங்கள் வழிப்போக்கர், விலைப்பட்டியலைக் காட்டும். இதற்காகத்தான் நூலகங்கள் பிராக்ஸி, விபிஎன், நிறுவன லாகின் என்று ஏதாவது ஒரு வழியை வைத்திருக்கின்றன. உங்கள் நூலகத்தில் எது என்று கேட்டு ஒருமுறை அமைத்துக்கொண்டால் போதும். என்னிடம் வந்த ஓர் ஆய்வாளர், நாங்கள் பல ஆண்டுகளாகச் சந்தா கட்டிவந்த ஜர்னலிலிருந்தே ஆறு கட்டுரைகளைச் சொந்தக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். எல்லாம் விடுமுறையில் வீட்டிலிருந்து வாங்கியவை. ரசீதுகளைக் காட்டி, திரும்பக் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கவில்லை.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர் பயன்படுத்துவீர்கள் என்றால் அதன் அமைப்புகளுக்குள் போய் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சேருங்கள். உங்கள் நூலகம் அந்த வசதியைச் செய்து வைத்திருந்தால், சந்தாவில் உள்ள கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே இணைப்பு தெரியும்.

அப்படியும் திறக்காதவை சில மிஞ்சும். அங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பூட்டுகள் கழன்றுவிடும். ஒரே கட்டுரைக்கு மூன்று உருவங்கள் இருக்கலாம். ஜர்னலுக்கு அனுப்புவதற்கு முன்பு ஆசிரியர் பொதுவில் வைத்த முன்பதிப்பு ஒன்று. மதிப்பீட்டாளர்களின் திருத்தங்கள் முடிந்து ஏற்கப்பட்ட கையெழுத்துப்படி இரண்டாவது. பதிப்பாளர் பக்க அமைப்பு செய்து வெளியிட்டது மூன்றாவது. பணம் கேட்பது மூன்றாவதற்குத்தான். இரண்டாவதை, குறிப்பிட்ட காலம் கழித்து, தன் பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தில் வைக்கப் பல பதிப்பாளர்கள் ஆசிரியரை அனுமதிக்கிறார்கள். ஆய்வுக்கு நிதி கொடுத்த அமைப்புகள் சில, அப்படி வைத்தே ஆகவேண்டும் என்கின்றன. உங்களுடையது மருத்துவம் சார்ந்த ஆய்வு என்பதால், 2000-இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்தில் ஒன்பதில் சில முழுமையாகக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற பொருளில் ஒரு சிறிய இணைப்பு இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். அன்பேவால் என்று ஒரு பிரவுசர் நீட்டிப்பும் இருக்கிறது. கட்டுரையின் பக்கத்தில் நிற்கும்போதே, சட்டப்படி இலவசமாக வேறெங்காவது பிரதி இருக்கிறதா என்று அதுவே தேடிக் காட்டும். இலவசம்தான்.

ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப்படியில் பக்க எண்கள் வேறாக இருக்கும், முன்பதிப்பில் முடிவுகளே மாறியிருக்கலாம். மேற்கோள் காட்டுவதற்கு முன் வெளியான பதிப்போடு ஒப்பிடுங்கள்.

எதுவும் கைகொடுக்கவில்லையா? ஆசிரியருக்கே எழுதுங்கள். தொடர்புக்கான மின்னஞ்சல் சுருக்கம் இருக்கும் பக்கத்திலேயே இருக்கும். யார் நீங்கள், எந்தக் கட்டுரை, எதற்காக என்று நாலு வரி போதும். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதே பல ஆசிரியர்களுக்கு மகிழ்ச்சி. பதில் வராவிட்டால் இணையாசிரியருக்கு எழுதலாம், அவர் அநேகமாக உங்களைப் போன்ற மாணவராக இருந்தவர்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் விஷயம். நூலகங்களுக்கு இடையிலான இரவல் என்று ஒன்று இருக்கிறது. இன்டர் லைப்ரரி லோன் என்றால் எந்த நூலகருக்கும் புரியும். உங்கள் நூலகத்தில் இல்லாததை, இருக்கும் நூலகத்திடம் உங்கள் நூலகமே கேட்டு வாங்கித் தரும். எந்த நூலகத்தில் எது இருக்கிறது என்று பார்க்கக் கூட்டுக் கேட்லாக்குகள் உள்ளன. உலக அளவில் பெரியது வேர்ல்ட்கேட். 1967-இல் தொடங்கிய ஓசிஎல்சி என்ற அமைப்பு அதை 1971 முதல் கணினிவழி நடத்துகிறது. நீங்கள் ஒரு படிவம் நிரப்புகிறீர்கள். உங்கள் நூலகர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கோரிக்கை அனுப்புகிறார். அந்த நூலகம் முடியாது என்றால் கோரிக்கை அடுத்த நூலகத்துக்குப் போகும். கட்டுரை என்றால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வரும், பெரும்பாலும் சில நாட்களில். சொந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்துவேன் என்று ஓர் உறுதிமொழியில் கையொப்பம் கேட்பார்கள், காப்புரிமைச் சட்டத்துக்காக. புத்தகம் என்றால் தபாலில் புத்தகமே வரும். அதற்கு வாரக்கணக்கு ஆகும், நூலகத்துக்குள்ளேயே வைத்துப் படிக்கச் சொல்வதும் உண்டு. கட்டணம் உண்டா, ஒரு பருவத்துக்கு எத்தனை கேட்கலாம் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

'முடியாது' என்று திரும்பி வந்தால் மனம் விட்டுவிட வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். அரிய நூல் என்பதால் அனுப்பமாட்டார்கள், ஆனால் வேண்டிய பத்துப் பக்கங்களை ஸ்கேன் செய்து தருவார்கள். மின்னூல் என்றால் உரிம ஒப்பந்தம் பெரும்பாலும் முழு நூலையும் இரவல் தரவிடாது, ஓர் அத்தியாயத்தைத் தரவிடலாம். அதனால் தொகுப்பு நூலிலிருந்து வேண்டுமென்றால், நூலைக் கேட்காமல் அத்தியாயத்தைக் கேளுங்கள், அத்தியாயத் தலைப்பும் பக்க எண்ணும் சேர்த்து.

படிவத்தில் எவ்வளவு சரியாக எழுதுகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் வரும். ஆசிரியர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, ஜர்னல், தொகுதி, இதழ் எண், பக்கங்கள், டிஓஐ இருந்தால் அதுவும். டிஓஐ என்பது 10 என்று தொடங்கி ஒரு புள்ளியும் எண்களும் சாய்கோடுமாக வரும் அடையாளம். கட்டுரையின் இணைய முகவரி மாறினாலும் அது மாறாது. அது ஒன்று இருந்தாலே எங்கள் வேலை பாதி முடிந்தது. இந்தக் குறிப்பை எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "இன்ன கட்டுரையின் பக்கம் 14-இல் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்" என்ற ஒரு வரி, குறிப்பு தப்பாக இருக்கும்போது எங்களுக்குத் துப்பு.

1970களின் மாநாட்டுக் கட்டுரைக்கு இந்தத் துப்பு கட்டாயம் வேண்டும். மாநாட்டுக் கட்டுரைகளைப் போல நூலகரை அலைக்கழிப்பவை வேறில்லை. குறிப்பில் இருப்பது மாநாடு நடந்த ஆண்டாக இருக்கும், தொகுதி அச்சானது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. மாநாட்டின் பெயரில் தேடினால் கிடைக்காது, பதிப்பாசிரியர் பெயரிலோ நூல்வரிசையின் பெயரிலோ பதிந்திருப்பார்கள். சில மாநாடுகளின் கட்டுரைகள் ஏதோ ஒரு ஜர்னலின் சிறப்பிணைப்பாக வந்திருக்கும். சிலவற்றில் சுருக்கம் மட்டும் அச்சாகியிருக்கும், முழுக் கட்டுரை எழுதப்படவே இல்லை. அதே ஆசிரியர் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே ஆய்வை ஜர்னலில் வெளியிட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். வெளியிட்டிருந்தால் உங்களுக்கு வேண்டியது அநேகமாக அதுதான்.

ஆய்வேடு அவ்வளவு கடினமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் தேடுங்கள். பூட்டியிருந்தால், ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் சில ஆண்டுகளுக்கு மூடி வைத்திருப்பார்கள். பழையதென்றால் இன்னும் ஸ்கேன் ஆகாமல் இருக்கலாம், அங்குள்ள நூலகத்துக்கு எழுதினால் உங்களுக்காகச் செய்து தருவார்கள், கட்டணம் கேட்டாலும் கேட்கலாம்.

அப்புறம் அந்த மூன்று. ஏஐ செயலி கொடுத்து எங்குமே அகப்படாத மூன்றும் அநேகமாக இல்லாதவை. ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், அந்தத் துறையில் எழுதுபவராகவும் இருப்பார். ஜர்னலும் உண்மை. தலைப்பும் அவர் எழுதக்கூடிய தலைப்பாகவே இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. இப்படிப்பட்ட இரவல் கோரிக்கைகளைத் துரத்தி நூலகர்கள் இப்போது மணிக்கணக்கில் செலவிடுகிறோம். நீங்களே சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டிஓஐ கொடுத்திருந்தால் டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள், வேறு ஏதோ கட்டுரை திறக்கும் அல்லது எதுவுமே திறக்காது. இல்லாவிட்டால் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு ஒரு தொகுதி போடும் ஜர்னலில் 2010 தொகுதி 12 என்றால், 2017 தொகுதி 19. உங்கள் குறிப்பு 2017-க்குத் தொகுதி 45 என்று சொன்னால் கதை முடிந்தது. அந்தத் தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து, அந்தப் பக்க எண்ணில் யாருடைய கட்டுரை இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். மூன்றும் பொய் என்று உறுதியானால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், அவற்றின் சுருக்கத்தை வைத்து ஆய்வேட்டில் ஒரு வாக்கியம்கூட எழுதியிருக்கவில்லை என்று நம்புகிறேன்.

அவற்றுக்குப் பதிலாக உண்மையான மூன்றைத் தேடுவது பெரிய வேலை இல்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் கட்டுரைகளைப் பொருள்தலைப்பின் கீழ் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் 'நைட் ட்யூட்டி' என்று எழுதினாலும் 'ரொட்டேட்டிங் ஷிஃப்ட்' என்று எழுதினாலும் 'ஷிஃப்ட் வொர்க் ஷெட்யூல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அவை வந்துசேரும். நீங்கள் நினைத்த சொல்லை மட்டும் தேடினால் மற்றவர் பயன்படுத்திய சொல் தப்பிப்போகும். கையில் இருக்கும் 23-இல் மிக முக்கியமானதை எடுத்து, அதை யார் யார் பிற்பாடு மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஒரு கட்டுரையிலிருந்து முன்னோக்கிப் போகும் இந்த வழியை அறிவியல் துறைகளில் 1964-இல் யூஜின் கார்ஃபீல்டின் மேற்கோள் அட்டவணை பரவலாக்கியது, இன்று ஸ்காலரில் ஒரு தட்டலில் கிடைக்கிறது. அப்படிப் பார்க்கும்போது, கையில் உள்ள கட்டுரை எதுவும் தவறு காரணமாக ஜர்னலால் திரும்பப் பெறப்பட்டதா என்பதும் கண்ணில் படலாம். பதிப்பாளர் பக்கத்தில் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், நீங்கள் எப்போதோ இறக்கிவைத்த பிடிஎஃபில் அது தெரியாது.

சீனியர் சொன்ன தளம். நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் ஒரு காரணம். பல்கலைக்கழகக் கடவுச்சொற்கள் களவுபோய் அப்படிப்பட்ட இடங்களில் பயன்படுகின்றன என்பது எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு காரணம். உங்கள் லாகினை எந்தச் சீனியருக்கும் கடன் கொடுக்காதீர்கள். நூலகத்துக்கு வராமல் அங்கே இறக்கிக்கொண்டால், இந்த ஜர்னலுக்குத் தேவை இருக்கிறது என்ற கணக்கு எங்கள் கைக்கு வராது என்பதும் உண்டு. ஒரே ஜர்னலிலிருந்து பலர் திரும்பத் திரும்ப இரவல் கேட்டால்தான், அடுத்த ஆண்டு சந்தா கட்ட எனக்குக் கமிட்டியில் பேச ஆதாரம் கிடைக்கும். புத்தகமென்றால் வாங்கச் சொல்லி நீங்களே பரிந்துரைக்கலாம், அதற்கும் படிவம் உண்டு.

இன்னொன்று. லாகின் வேலை செய்யத் தொடங்கிய சந்தோஷத்தில் எல்லாவற்றையும் ஒரே இரவில் இறக்கிவிடாதீர்கள். எங்கள் ஆய்வாளர் ஒருவர், பாவம், ஒரு ஜர்னலின் பத்தாண்டு இதழ்களையும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி இறக்கப் பார்த்தார். பதிப்பாளரின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகம் முழுவதற்கும் கதவைச் சாத்திவிட்டது. ஆய்வேடு ஒப்படைக்கும் மாதம் அது. நான்கு நாட்கள் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை இன்னும் மறக்கவில்லை. நிறைய கட்டுரைகளைக் கணினியால் அலசுவதே உங்கள் ஆய்வு முறை என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள், அதற்குத் தனி அனுமதி வாங்க வழி இருக்கிறது.

கிடைப்பவற்றை ஸொட்டேரோ போன்ற, குறிப்புகளை ஒழுங்குபடுத்தும் ஒரு மென்பொருளில் போட்டு வையுங்கள். இலவசம். 41 குறிப்புகளைக் கையால் சமாளிக்கலாம், 300-ஐ முடியாது. மூன்றாம் ஆண்டில் எண்ணிக்கை அங்கேதான் போய் நிற்கும்.

நூலகரைப் பார்க்கப் போகும் முன் வீட்டிலிருந்து உள்நுழையும் வழியை அமைத்து அந்த ஒன்பதையும் நான்கையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் 13-இல் ஆறேழாவது அப்போதே திறந்துகொள்ளும். மிஞ்சியவற்றை ஒரு தாளில் முழுக் குறிப்போடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்கெனவே எங்கெங்கே தேடினீர்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள். உட்கார்ந்ததும் முதலில் மாநாட்டுக் கட்டுரைக்கு இரவல் கோரிக்கை போட்டுவிடச் சொல்லுங்கள். நாள் அதிகம் பிடிக்கப்போவது அதற்குத்தான்.